பிரைர் ஹாலோவின் இடது கைக்காரன்

குளிர்காலத்தில் எங்கள் ஊர் பிரைர் ஹாலோ கண் விழிப்பதே ஆர்லோ கெஸ்லரின் லாரிச் சத்தத்தில்தான். முன்னால் பெரிய இரும்புத் தகடு மாட்டிய லாரி. அது சாலைப் பனியைச் சுரண்டிக்கொண்டு மலையேறும் ஓசை கேட்டால், இன்றைக்குப் பால் வரும், பள்ளிக்கூடம் உண்டு என்று அர்த்தம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த லாரியை வேறு ஒருவர் ஓட்டினார். ஆனாலும் ‘ஆர்லோ போறார்’ என்றுதான் நாங்கள் சொல்லுவோம்.

மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலுக்குப் பக்கத்தில் அவர் அம்மா விட்டுப்போன வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதனால் சுரங்கத்திலும் எடுக்கவில்லை, சுரங்கத்தின் பேஸ்பால் அணியிலும் எடுக்கவில்லை. பென்சில்வேனியாவின் இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஓர் ஆண்பிள்ளைக்கு இந்த இரண்டும் இல்லையென்றால் அவனை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. கடைசியில் லாரியைக் கொடுத்தார்கள்.

மதியம் மூன்று மணி வாக்கில் என் சாப்பாட்டுக் கடைக்கு வருவார். கதவை ஒட்டிய கடைசி முக்காலி அவருடையது. பால் விடாத காபி, மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு. ஓரத்தை மட்டும் சாப்பிடாமல் தட்டில் வைத்துவிடுவார். “நல்லாருந்துது, வெர்னா” என்பார். என் புருஷன் இறந்த பிறகு நான் தனியாகக் கடை நடத்திய அத்தனை வருஷமும் அவரோடு நான் பேசிய பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஊராட்சியில் பழைய மைதானத்தைச் சீர்படுத்தப் பணம் வந்தது. சுவரைப் புதிதாகக் கட்டி, சுரங்க அணியில் ஆடிய பெரிய ஆட்டக்காரர்கள் ஒன்பது பேரின் பெயரை எழுதப் போகிறோம், யார் அந்த ஒன்பது பேர், யாருக்கு அடுத்து யார் என்று முடிவு செய்து தாருங்கள் என்று என் கடைக்கு வந்து சொன்னார்கள். இங்கே வருகிறவர்கள் எப்படியும் குளிர்காலம் முழுக்க அந்தச் சண்டையைத்தான் போடுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். சூப் விலை எழுதும் பலகையைத் துடைத்து, சாக்பீஸையும் எடுத்துக் கொடுத்தேன்.

இரும்புக்கடை வாரன் லுட்ஸ்தான் முதலில் எழுந்தார்.

“முதல் பேரு எங்கப்பா. ஏப்ராம் லுட்ஸ். அதுல பேச்சே கிடையாது.”

“ஏன்யா, உங்கப்பா மட்டைக்காரனுக்குப் பின்னால குந்திக்கிட்டு வர்ற பந்தப் புடிச்சவரு. மட்டையால அவர் அடிச்ச பந்தைவிடத் தொப்பியால அடிச்ச கொசு அதிகம்” என்றார் எம்மெட். உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். வேறு ஊரிலிருந்து வந்து இங்கே பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். பழைய செய்தித்தாள்களைப் பார்த்து எல்லோருடைய கணக்கையும் மனப்பாடம் செய்திருந்தார்.

“பேப்பர் எழுதினவன் பக்கத்து ஊரு ஆஷ் ரன்காரன். நம்மாளு அடிச்சா அவன் பேனாவுல மை தீந்துபோயிரும். ராத்திரி பூரா கரி வெட்டிட்டு, மூஞ்சி கழுவாம வந்து ஆடினாங்க தெரியுமா? மைதானம் பூரா கல்லு. உலகப் போருக்கு அப்புறம் ஆடினவனுங்களுக்குப் புல்லுத்தரை, புதுப்பந்து. ரெண்டையும் ஒரே தராசுல வைப்பியா நீ?”

“அதுக்குத்தான்யா கணக்கு. அந்தந்தக் காலத்துல மத்தவன் எவ்வளவு அடிச்சான், இவன் எவ்வளவு அடிச்சான்னு பாக்கணும். பாசத்த வச்சுப் பாக்கக் கூடாது.”

இப்படியே நாட்கள் போயின. எழுதுவதும் அழிப்பதுமாகப் பலகை சாம்பல் பூத்துப்போனது. ஜனவரியில் ஒரு நாள், பந்தெறிபவர்களில் யார் முதல் என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தபோது, கதவோரத்திலிருந்து ஆர்லோ சொன்னார்:

“டீக்கை விட்டுட்டீங்க.”

இரண்டு பேரும் திரும்பினார்கள். ஆர்லோ அந்தப் பேச்சில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

“எந்த டீக்?”

“ஆம்ப்ரோஸ் டீக். இடது கைக்காரன். போருக்கு முன்னால ரெண்டு மூணு கோடை ஆடினான். அவனுக்கு மேல யாரையும் என்னால வைக்க முடியாது.”

கடையே சிரித்தது. வாரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யோவ் ஆர்லோ, பனியில தனியா ஓட்டி ஓட்டி மண்டைக்குள்ளயும் பனி விழுந்துடுச்சா? அப்படி ஒருத்தன் எங்கப்பாவுக்குப் பந்து போட்டிருந்தா எனக்குத் தெரியாதா?” என்றார்.

ஆர்லோ கோபப்படவில்லை. அவன் எப்படி எறிவான் என்று சொன்னார். கையை மேலே தூக்காமல், இடுப்போரமாகச் சுழற்றி, வயலில் விதை தூவுகிற மாதிரி. சட்டையின் கைப் பொத்தானை எந்த வெயிலிலும் அவிழ்க்க மாட்டானாம். சொல்லும்போது எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, சற்றுத் தாழ்வாக, யாரோ அங்கே நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காபிக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

எம்மெட் மாவட்டத் தலைநகரில் பத்திரிகை அலுவலகத்துக்கே போய்ப் பழைய தாள்களைப் புரட்டினார். டீக் என்று ஒரு பெயர் எங்கும் இல்லை. வந்து ஆர்லோவிடம் சொன்னார். “சரி” என்றார் ஆர்லோ. அவ்வளவுதான். எம்மெட்டுக்கு வெற்றி என்றே தோன்றவில்லை.

பிறகு சில நாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டல் நடந்தது. யாராவது சூப்பைக் கொட்டினால் “டீக் எறிஞ்சுட்டான்” என்பார்கள். ஆர்லோவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிப்ரவரியில், சாம்பல் நிறமான ஒரு மத்தியானம். எம்மெட் வழக்கம்போல, “சரி, உங்க டீக் ஞாயித்துக்கிழமை எத்தனை பேரை அவுட்டாக்கினான்?” என்று ஆர்லோவைச் சீண்டினார். அதற்கு வாரன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்:

“ஞாயித்துக்கிழமை அவன் ஆட மாட்டான். அவங்கம்மா விட மாட்டாங்க.”

பின்னால் அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும். வாரன் மெதுவாகச் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“இத யாரு சொன்னா உனக்கு?” என்று எம்மெட் கேட்டார்.

“யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?” சொல்லிவிட்டு வாரன் என் பக்கம் திரும்பினார். “வெர்னா, உனக்குத் தெரியுமில்ல?”

நான் தலையாட்டவில்லை. ஆனால் அவர் சொன்னவுடனே அது எனக்குப் புதிதாகவும் படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அடுத்த வாரம் வாரன் என்னிடம் தனியாக வந்து பேசினார். அவருடைய அப்பா சாயங்காலங்களில் சமையலறையில் உட்கார்ந்து, பந்து பிடிக்கிற இடது கையை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பாராம். உள்ளங்கை இரத்தமாய்ச் சிவந்து வீங்கியிருக்குமாம். “சுரங்கத்துல பட்ட அடின்னுதான் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன். இப்போ அந்தக் காட்சி வரும்போது அப்பா பேசறது கேக்குது, வெர்னா. ‘இந்தப் பய கையில என்ன இருக்குன்னே தெரியல’ன்னு அம்மாகிட்ட சொல்லிச் சிரிக்கிறாரு. முந்தி அந்த ஞாபகத்துல சத்தமே இருந்ததில்ல. இப்போ இருக்கு.”

எனக்கு வந்த ஞாபகம் இன்னும் மோசம். பை துண்டு வைத்துவிட்டுப் பரிமாறும் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு கை நீண்டு தட்டைத் தன் பக்கம் இழுத்தது நினைவுக்கு வந்தது. இடது கை. பொத்தான் போட்ட சட்டை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்து, கொக்கி மாதிரி. நகத்தில் செம்மண். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்த காட்சி அது, அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆனால் அந்த மேடையை என் புருஷன் போர் முடிந்து வந்து தன் கையால் போட்டார். போருக்கு முன்னால் அந்த இடத்தில் குதிரை லாயம் இருந்தது.

மார்ச் வருவதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு டீக்கைத் தெரிந்திருந்தது. தபால்கார அம்மாவுக்கு அவன் சீட்டியடிப்பது ஞாபகம் இருந்தது. முடிவெட்டுகிறவருக்கு அவன் பிடரியில் இருந்த சுழி. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒரு தடவைகூட மோதவில்லை. உண்மையாக இருந்த ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் நாங்கள் ஆளுக்கொன்று சொல்லி அடித்துக்கொள்வோம்.

எம்மெட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. முதலில் எங்களைத் திட்டினார். “ஒருத்தன் கொட்டாவி விட்டா எல்லாரும் விடற மாதிரி இருக்கு உங்க கதை” என்றார். பிறகு பேச்சு குறைந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் தனியாக மைதானத்துக்குப் போய்ப் பனிக்கு நடுவில் நின்றுவிட்டு, உதடு நீலமாகி வந்தார். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமே வரல, வெர்னா. வெளியூர்க்காரன்னு எனக்குக் காட்ட மாட்டேங்குதா?” என்று கேட்டார். அந்த மனிதர் அழுதுவிடுவார் போல இருந்தது.

பலகையில் டீக் பெயர் ஏறியது. முதலில் ஒன்பதாவது. பிறகு ஐந்தாவது. ஒருநாள் வாரனே எழுந்து தன் அப்பாவின் பெயரை அழித்து இரண்டாவதாக எழுதி, மேலே டீக் என்று எழுதினார். “அப்பா இருந்தா அவரே இப்படித்தான் எழுதியிருப்பாரு” என்றார்.

ஆர்லோ அன்றைக்குக் கடையில் இல்லை. நெஞ்சில் சளி கட்டி வீட்டில் படுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒஹாயோவிலிருந்து தங்கை ஹேசல் வந்திருந்தாள். அவருக்குச் சூப் வாங்கிப் போக என் கடைக்கு வந்தவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த பாத்திரத்தை மேடைமேல் வைத்தாள்.

“அந்தப் பேர யாரு எழுதினது?”

“நான்தான்மா” என்றார் வாரன். “ஆம்ப்ரோஸ் டீக். இந்த ஊரு கண்டதுலயே பெரிய பந்தெறிகாரன். உங்கண்ணன்தான் ஞாபகப்படுத்தினாரு.”

“அண்ணனுக்கு ஆம்ப்ரோஸ்னு ஒருத்தன் இருந்ததே தெரியாது” என்றாள் ஹேசல். “தெரிய வாய்ப்பே இல்ல. சாகறதுக்கு முன்னாடி அம்மா என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க.”

நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஆர்லோ பிறக்கும்போது இரட்டை. கூடப் பிறந்தவன் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அப்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அதனால் குழந்தையைத் தாய்வழித் தாத்தாவின் ஊரில், மலைக்கு அந்தப் பக்கம், அந்தத் தாத்தாவின் குடும்பப் பெயரில் புதைத்தார்கள். ஆம்ப்ரோஸ் டீக். அவமானத்துக்குப் பயந்து அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“கொழந்தையோட இடது சுண்டுவிரல் வளைஞ்சிருந்துதாம்” என்றாள். “அத நிமித்தி நிமித்தி விட்டேன்னு சொல்லி அழுதாங்க.”

நான் அந்த விரலைப் பற்றி அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவள் பாத்திரத்தை நானே எடுத்துக்கொண்டு கோட்டை மாட்டினேன்.

ஹேசல், வாரன், நான் மூன்று பேரும் ஆர்லோ வீட்டுக்குப் போனோம். எம்மெட் வரமாட்டேன் என்று கடையிலேயே இருந்துவிட்டார். ஆர்லோ தலையணையை முதுகுக்கு வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஹேசல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஆர்லோ கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுவதைப் பார்த்தபடி கேட்டார்:

“அவன் எனக்கு மூத்தவனா, இளையவனா?”

“மூத்தவன், அண்ணா. கொஞ்ச நேரம் மூத்தவன்.”

“அப்படித்தான் இருக்கும்” என்றார்.

வாரனால் பொறுக்க முடியவில்லை. “ஆர்லோ, நெஜத்தச் சொல்லு. கதை கட்டினியா? கோவிச்சுக்க மாட்டேன். எங்கப்பாவ எறக்கிட்டு அவன ஏத்தியிருக்கேன்யா நான். சொல்லிடு.”

“கட்டலப்பா. லாரி ஓட்டறப்போ அவன் ஆடறது ஞாபகம் வரும். வாலிபத்துலேருந்தே வரும். வெள்ளையா பனி, நடுவுல பச்சையா மைதானம், அவன் எறியறான். நீங்க எல்லாரும் பாத்ததுதானேன்னு நெனச்சேன். இவ்வளவு நல்லா ஆடினவன ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்கன்னு எனக்கு வருத்தம். அதான் அன்னைக்கு வாயத் தொறந்தேன்.” மூச்சு வாங்கினார். “ஆனா அவன நேரா மூஞ்சி பாத்ததில்ல. எப்பவும் பக்கவாட்டுல இருந்துதான் பாத்திருக்கேன். இந்தப் பக்கம் திரும்ப மாட்டான்.”

“இப்போவும் தெரியறானா?” என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இப்போ உங்களுக்குத்தான் என்னைவிட நல்லா தெரியறான்.”

மலைச்சாலையில் பனி கரைவதற்குள் ஆர்லோ போய்விட்டார். சர்ச்சு நிறைந்திருந்தது. பாதிரியார், அவரைப் பற்றி யாராவது நான்கு வார்த்தை சொல்லுங்கள் என்றார். வாரன் எழுந்தார். நின்றார். “நல்ல மனுஷன். பனி தள்ளுவாரு” என்றார். அதற்கு மேல் வரவில்லை. தபால்கார அம்மா எழுந்து, ஆர்லோ சீட்டியடித்தால் எவ்வளவு இனிமை என்று ஆரம்பித்து, அது ஆர்லோ இல்லை என்று ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் என் முறைக்கு எழுந்தேன். கதவோரத்து முக்காலியையும் தட்டில் மிச்சமிருக்கும் பை ஓரத்தையும் நினைத்துப் பார்த்தேன். அந்த முக்காலியில் முகம் எப்படி இருந்தது என்று தேடினேன். கிடைக்கவில்லை. பெட்டிக்குள் படுத்திருந்தவரைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இவ்வளவு வருஷம் எங்கள் நடுவில் இருந்தவரின் மேல் ஒரு ஞாபகமும் ஒட்டவில்லை. ஒரு வாரம்கூட உயிரோடு இல்லாதவன் எங்கள் தலைக்குள் வளர்ந்து நின்றான். ஹேசல் முன் வரிசையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் எழுத எந்தப் பெயர்களைக் கொடுப்பது என்று அதற்குப் பிறகு நாங்கள் சத்தம் போடவில்லை. எம்மெட்தான் முதலில் பேசினார். “இல்லாதவன் பேரச் சுவத்துல எழுதினா பசங்களுக்கு நான் என்ன கணக்குச் சொல்லிக் கொடுக்கறது?” என்று கேட்டார். வாரன், “அப்போ எங்கப்பா கை வீங்கினது எதனால?” என்றார். பலகையில் இருக்கிறபடியே எழுதச் சொல்லி ஊராட்சிக்குக் கொடுத்தோம். டீக் பெயரையே முதல் பெயராக எழுதியாயிற்று.

மே மாதக் கடைசியில் மைதானத்தைத் திறந்தார்கள். ஆஷ் ரன்னிலிருந்து அவர்கள் அணியும், வண்டி வண்டியாக ஜனமும் வந்திருந்தது. நான் சுவருக்குப் பக்கத்தில் மேஜை போட்டு எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தேன். தடி ஊன்றிய ஆஷ் ரன் கிழவர் ஒருவர் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் ஊரில் யாரையும் அவருக்குத் தெரியாது. பேரனோடு அன்றைக்குத்தான் வந்திருக்கிறார். முதல் பெயரைப் பார்த்ததும் தடியால் தட்டினார்.

“டீக்! இந்தப் பயலுக்கு எதிரா மட்டை புடிச்சிருக்கேன். அன்னைக்கு நான் தொட்டது காத்த மட்டும்தான்.”

வாரனும் எம்மெட்டும் அருகில்தான் நின்றிருந்தார்கள். எம்மெட்டின் கையிலிருந்த தம்ளர் சாய்ந்து சாறு அவர் செருப்பில் கொட்டியது.

நான் சாறு ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். “ஐயா, அவன்கூட யாராவது இருப்பாங்களா? ஞாபகம் இருக்கா?”

கிழவர் கண்ணைச் சுருக்கி வெறும் மைதானத்தைப் பார்த்தார்.

“இருப்பான். பெஞ்சு ஓரத்துல ஒருத்தன். டீக்கோட கோட்ட மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பான். அச்சு அசல் அதே மூஞ்சி. நொண்டிக்கிட்டே ஓடி வந்து அவனுக்குத் தண்ணி குடுப்பான். ரெண்டு பேரும் என்னமோ சொல்லிச் சிரிச்சுக்குவாங்க. எங்கள நெனச்சுத்தான் சிரிக்கிறாங்கன்னு எங்களுக்கு ஆத்திரமா வரும்.”

எம்மெட் ஈரச் செருப்போடு இரண்டடி முன்னால் வந்தார். “எந்த வருஷம்? எங்க நடந்த ஆட்டம்?” என்று கேட்டார். குரல் கெஞ்சியது.

“வருஷமெல்லாம் எவனுக்குப்பா ஞாபகம் இருக்கு?” கிழவர் மறுபடியும் சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஆனாலும் முதல் பேரா எழுதினது ரொம்ப அதிகம். எங்க ஊரு கோவாலிக் எறிஞ்சத நீங்க பாத்ததில்ல. டீக்கெல்லாம் அவனுக்கு அடுத்துதான்.”

வாரனின் கழுத்து சிவந்தது. “கோவாலிக்கா? யோவ் பெரியவரே, அவன் எறிஞ்ச பந்த எங்க பாட்டியே குடையால அடிச்சிருக்கும். வாங்க, இப்படி உக்காருங்க. வெர்னா, இவருக்கு ஒரு தம்ளர் குடு.”